மனுவில் ஏறிய சொல்

இந்து திருமணச் சட்டம், 1955, மணமுறிவு கேட்டு வருபவர் எதிர்த்தரப்பின் தவறு ஒன்றைக் காட்டியாக வேண்டும் என்ற அடித்தளத்தின் மீது எழுந்தது. பிறர்மனை உறவு, கொடுமை, ஈராண்டுக்குக் குறையாமல் கைவிட்டுப் பிரிந்திருத்தல், மதமாற்றம், தீராத மனநோய் என அதன் 13-ஆம் பிரிவு அடுக்கும் காரணங்களுள் ஒன்றிலும் அடங்காத துயரம், எவ்வளவு உண்மையானதாயினும், மனுவாகத் தாக்கலாக வழியில்லை. ஆகவே குடும்ப வழக்குகளை நடத்தும் வழக்கறிஞரின் வேலை, கட்சிக்காரர் சொல்லும் பத்தாண்டு வாழ்க்கையைப் பொறுமையாகக் கேட்டு, அதிலிருந்து சட்டத்துக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கியெடுத்து, பத்தி எண்ணிட்டு எழுதுவதில் தொடங்குகிறது. அவ்வாறு எழுதிய சொற்கள் வழக்கு முடிந்த பின்னும் நீதிமன்றக் கட்டில் கிடக்கின்றன என்பதும், அவற்றுக்கான விலையை அவற்றில் ஒரு சொல்லையும் சொல்லாத குழந்தையே பெரும்பாலும் கொடுக்கிறது என்பதும் இத்தொழிலில் இருபத்தைந்து ஆண்டுகளைக் கழித்த இக்கட்டுரையாளருக்குக் காலம் தாழ்ந்தே விளங்கியவை.

குடும்ப நீதிமன்றங்கள் சட்டம், 1984, வழக்கறிஞர்களை அவ்வளவாக விரும்பாத சட்டம். அதன் 13-ஆம் பிரிவின்படி எந்தத் தரப்பினரும் வழக்கறிஞர் மூலம் ஆஜராவதை உரிமையாகக் கோர முடியாது. நீதிமன்றம் வேண்டுமானால் சட்ட வல்லுநர் ஒருவரை நீதிமன்ற நண்பராக, அதாவது எத்தரப்பையும் சாராமல் நீதிபதிக்கு உதவுபவராக, அழைத்துக்கொள்ளலாம். நடைமுறையிலோ வக்காலத்தோடு அனுமதி கோரும் சிறு மனு ஒன்றும் சேர்ந்தே தாக்கலாகி, அனுமதியும் கிடைத்துவிடுகிறது. சட்டத்தை இயற்றியோர் வழக்கறிஞரின் நாவுக்கு அஞ்சினார்கள். அவருடைய பேனாவுக்கு அஞ்ச அவர்களுக்குத் தோன்றவில்லை.

இக்கட்டுரையாளர் தொழில் பழகிய 1990-களின் பிற்பகுதியில் தென்மாவட்டங்கள் பலவற்றில் தனிக் குடும்ப நல நீதிமன்றம் கிடையாது. இவ்வழக்குகள் சார்பு நீதிமன்றத்தில், வரப்புத் தகராறுகளுக்கும் புரோநோட்டு வழக்குகளுக்கும் நடுவே, ‘ஹெச்.எம்.ஓ.பி.’ என்ற முன்னெழுத்துகளோடு அழைக்கப்பட்டன. சீனியரின் அலுவலகத்தில் பழைய கட்டுகளிலிருந்து எடுத்த மாதிரி மனு ஒன்று இருக்கும். ஜூனியர் அதில் பெயர், ஊர், தேதி ஆகியவற்றை மாற்றித் தட்டச்சருக்குக் கொடுப்பார். முதற்பத்தி திருமணம் எங்கே, எந்நாளில், எம்முறையில் நடந்தது என்பதைச் சொல்லும். புரோகிதர் வைத்து நடந்ததா, சுயமரியாதை முறையில் மாலை மாற்றியோ மோதிரம் அணிவித்தோ தாலி கட்டியோ நடந்ததா என்பதைக் கேட்டு எழுதுவது வெறும் சடங்கன்று; பின்னதற்குத் தமிழ்நாட்டில் 1967-ஆம் ஆண்டின் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 7-ஏ பிரிவே சட்ட வலுவைத் தருகிறது. அடுத்த பத்தி சீர்வரிசையைச் சொல்லும்: இத்தனை பவுன் நகை, வெள்ளிக் குத்துவிளக்கு, பித்தளை அண்டா, கட்டில், பீரோ, கிரைண்டர். இப்பட்டியலை எழுதும்போது மட்டும் பெண்ணின் தாய் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொள்வார். மற்றப் பத்திகளில் தடுமாறும் நினைவு, பொட்டுத்தங்கம் வரை இங்கே பிசகாது.

இடர் தொடங்குவது ‘கொடுமை’ என்ற பத்தியில். 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன்பு கொடுமை என்பது நீதிமன்றப் பிரிவினைக்கு, அதாவது திருமணம் நீடிக்கத் தனித்து வாழும் உரிமைக்கு, மட்டுமே காரணமாக இருந்தது. அத்திருத்தமே அதை மணமுறிவுக்கும் காரணமாக்கியது. இச்சொல்லுக்குச் சட்டம் வரையறை தரவில்லை. 2007-இல் சமர் கோஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம் மனரீதியான கொடுமைக்கு எடுத்துக்காட்டுகள் சிலவற்றைத் தொகுத்துத் தந்து, அதுவும் முழுமையான பட்டியலாகாது என்று சொல்லி வைத்தது. வரையறை இல்லாத இடத்தில் மாதிரி மனுவே வரையறையாகிவிடும். கட்சிக்காரர் ‘நிம்மதியே இல்லைங்க’ என்று தமிழில் சொன்னது, ஆங்கில மனுவில் ‘தாங்கொணா மன வதை’ என்று பொருள்படும் நான்கு வரியாக வீங்கும். ‘மாமியார் முகம் கொடுத்துப் பேசல’ என்பது ‘மாமியாரின் தூண்டுதலால் இழைத்த தொடர் கொடுமை’ ஆகும்.

இவ்வீக்கம் வெளிப்படும் இடம் குறுக்கு விசாரணை. 2002-இல் நடைமுறைக்கு வந்த உரிமையியல் நடைமுறைச் சட்டத் திருத்தத்துக்குப் பின், சாட்சியின் முதல் விசாரணை கூண்டில் வாய்மொழியாக நடப்பதில்லை. நிரூபண வாக்குமூலம் எனப்படும் பிரமாணப் பத்திரமாக எழுதித் தாக்கலாகிறது. அதையும் எழுதுபவர் வழக்கறிஞரே. ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிய அந்த வாக்குமூலத்தின் மீது, மறுவாய்தாவில் தமிழில் கேள்விகள் எழும். ஆறாம் பத்தியில் எதிர்மனுதாரர் தங்களை இடைவிடாமல் வதைத்ததாகக் கூறியிருக்கிறீர்களே, எந்தத் தேதியில், எந்த வகையில் என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்க, கூண்டில் நின்ற பெண் ஒருவர் சிறிது நேரம் யோசித்துவிட்டு, ‘அவர் எங்கிட்டப் பேசவே மாட்டாருங்க, மூணு வருஷமா’ என்று விடையளித்தார். அதுவே அவருடைய வழக்கின் உயிர். ஒரே வீட்டில் மூன்று ஆண்டுகள் பேசாதிருத்தல் என்ற அந்தச் செய்தி மனுவின் பத்தொன்பது பக்கங்களில் ஓரிடத்திலும் இல்லை. மாதிரி மனுவில் அதற்கான பத்தி இல்லாததால் இக்கட்டுரையாளர் அதைக் கேட்கவும் இல்லை. மனுவில் சொல்லாத செய்தியைச் சாட்சியத்தில் புதிதாகக் கொண்டுவர முடியாது என்ற விதியை எதிர்த்தரப்பு உடனே எழுப்பியது. திருத்த மனு, அதற்கு எதிருரை, உத்தரவு என எட்டு மாதங்கள் அதில் கரைந்தன.

எழுத வேண்டியதை விட்டது ஒரு பிழை என்றால், விட வேண்டியதை எழுதியது அதனினும் பெரிய பிழை. அது கணவர் தரப்புக்காக எழுதிய எதிருரை ஒன்றில் நேர்ந்தது. எதிருரை என்பது மனுவில் கூறப்பட்டவற்றைப் பத்தி பத்தியாக மறுத்தும் தன் தரப்பைச் சொல்லியும் எதிர்மனுதாரர் தாக்கல் செய்யும் ஆவணம். மனைவி தனக்கும் கைக்குழந்தைக்கும் ஜீவனாம்சம் கேட்டிருந்தார். சினத்தின் உச்சியில் இருந்த கணவர், குழந்தை தனக்குப் பிறந்ததுதானா என்பதே ஐயமாக இருக்கிறது என்று சொன்னார். அப்போது தொழிலில் ஐந்தாண்டு நிறையாத இக்கட்டுரையாளர், ஜீவனாம்சத் தொகையைக் குறைக்க உதவும் என்ற எண்ணத்தில் அதை ஒரே வரியாக ஏற்றிவிட்டார். சட்டப்படி அவ்வரிக்குச் சல்லிக்காசு மதிப்பில்லை. செல்லத்தக்க திருமணம் நீடிக்கும்போதோ, அது முறிந்து தாய் மறுமணம் செய்யாதிருக்கையில் 280 நாட்களுக்குள்ளோ பிறந்த குழந்தை அக்கணவருடையதே என்பது முடிவான மெய்ப்பு என இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 112-ஆம் பிரிவு கூறியது. அதுவே இன்று பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 116-ஆம் பிரிவு. கருவுறக்கூடிய காலத்தில் இருவரும் கூட வாய்ப்பே இல்லை என்று காட்டினாலொழிய அம்முடிவு அசையாது. டி.என்.ஏ. சோதனையைக் கேட்டவுடன் ஆணையிடக் கூடாது என்றும், தாய்தந்தையரின் சண்டையில் குழந்தையின் அடையாளத்தைப் பணயமாக வைக்கலாகாது என்றும் உச்ச நீதிமன்றம் 2023-இல் அபர்ணா ஃபிரோடியா வழக்கில் விரிவாகவே எடுத்துரைத்தது. எதிருரை தாக்கலாகி இரண்டு ஆண்டுகளுக்குப் பின் அந்தக் கணவருக்குச் சினம் ஆறியது. மகனைப் பார்க்க வேண்டும் என்று மனுச் செய்தார். எதிர்த்தரப்பின் மூத்த வழக்கறிஞர் நீண்ட வாதம் எதையும் வைக்கவில்லை. பழைய கட்டைப் பிரித்து அந்த ஒரு வரியை உரக்கப் படித்துவிட்டு அமர்ந்தார்.

எழுதியதை அடித்துவிட்டால் சரியாகிவிடாதா என்று கட்சிக்காரர்கள் கேட்பது உண்டு. அடித்தாலும் போகாது என்பதற்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளே சான்று. 1994-இல் வி. பகத் வழக்கில், கணவர் மனநலம் குன்றியவர் என்ற வகையில் மனைவி எதிருரையில் எழுதியவை, அவ்வாறு எழுதப்பட்டதனாலேயே மனரீதியான கொடுமையாகக் கொள்ளப்பட்டு மணமுறிவுக்கு வழிவகுத்தன. 2003-இல் பாட்டே வழக்கில், மனைவியின் நடத்தையைப் பழித்து எழுதிய வரிகளைக் கணவர் பின்னர் திருத்த மனு மூலம் நீக்கிவிட்டிருந்தார். நீக்கியதால் அவை விளைத்த காயம் நீங்கிவிடாது என்று நீதிமன்றம் கூறிவிட்டது. வழக்கைத் தடுக்க எழுதிய எழுத்தே வழக்குக்கு ஆதாரமாகிவிடும் இந்த விந்தையைப் புதிதாகத் தொழிலுக்கு வரும் ஜூனியர்களுக்கு எத்தனை முறை சொன்னாலும், கட்சிக்காரர் மேசையைத் தட்டிப் பேசும் நேரத்தில் அது மறந்துபோகிறது.

அண்மைக்காலத்தில் இத்தகைய எழுத்தின் இடத்தைக் கைப்பேசி பிடித்துக்கொண்டது. முன்பு இரண்டு கடிதங்களோடு வந்தவர்கள் இப்போது நானூறு பக்க வாட்ஸ்அப் உரையாடல்களோடு வருகிறார்கள்; மின்னணு ஆவணத்துக்குத் தேவையான சான்றிதழை இணைத்து அத்தனையையும் குறியிட வேண்டும் என்கிறார்கள். மனைவிக்குத் தெரியாமல் கணவர் பதிவு செய்த தொலைபேசி உரையாடல்களை மணமுறிவு வழக்கில் சான்றாக ஏற்கலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் விபோர் கர்க் வழக்கில் தீர்ப்பளித்த பின், படுக்கையறையில் கைப்பேசியைக் கவிழ்த்து வைக்கும் வழக்கம் பெருகியிருப்பதாகவே தோன்றுகிறது. சட்டம் அனுமதிப்பதாலேயே அத்தனையையும் தாக்கல் செய்ய வேண்டும் என்பதில்லை. நானூறு பக்கத்தில் நான்கு பக்கம் வழக்குக்குப் போதும். மீதியில் பாதி, கட்சிக்காரரின் சொந்த வசவுகளே.

பணத்தைப் பற்றிய எழுத்தில் 2020 நவம்பருக்குப் பின் ஓர் ஒழுங்கு வந்தது. ரஜ்னீஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஜீவனாம்சம் தொடர்பான எல்லா வழக்குகளிலும் இருதரப்பும் தத்தம் வருமானம், சொத்து, கடன், செலவு ஆகியவற்றை வகுத்த படிவத்தில் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்றும், தொகை மனுத் தாக்கலான நாளிலிருந்தே கணக்காக வேண்டும் என்றும் வகுத்தது. அதற்கு முன் கணவர் வேலையின்றித் திரிவதாகவும் மனைவி தையல் வேலையில் பெரும்பணம் ஈட்டுவதாகவும் இருபுறமும் கதை எழுதினார்கள். இப்போது கதை படிவத்தின் கட்டங்களுக்குள் சுருங்கிவிட்டது. ஆயினும் உத்தரவு வாங்குவதும் பணம் வாங்குவதும் வேறு வேறு. பாக்கித் தொகை நிலுவையான நாளிலிருந்து ஓராண்டுக்குள் வசூல் மனுப் போடாவிட்டால், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவிலும், 2024 ஜூலை முதல் அதன் இடத்துக்கு வந்துள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவிலும் பிடியாணை கேட்க முடியாது. இந்த ஓராண்டுக் கணக்கைக் காப்பவர் பெரும்பாலும் வழக்கறிஞரல்லர், குமாஸ்தா; அவர் டைரியில் சிவப்பு மையில் குறித்த தேதிகள் பல பெண்களுக்குச் சோறு போட்டிருக்கின்றன.

சேர்ந்து வாழக் கோரும் மனுவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இந்து திருமணச் சட்டத்தின் 9-ஆம் பிரிவின் கீழ் வரும் இம்மனுக்களில் உண்மையாகவே சேர்ந்து வாழ விரும்பியவை மிகச் சில. மற்றவை, அழைத்தும் வரவில்லை என்று காட்டி ஜீவனாம்சத்தை மறுப்பதற்கான முன்னேற்பாடு. அத்தகைய தீர்ப்பு இருக்கிறது என்பதாலேயே மனைவியின் ஜீவனாம்ச உரிமை போய்விடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிய பின், இம்மனுவுக்கு அலுவலகங்களில் இருந்த மவுசு சற்றுக் குறைந்திருக்கிறது.

குழந்தையைப் பற்றிய சட்டம் இரு தனிச் சொற்களில் நிற்கிறது. ஒன்று காப்பாளர் பொறுப்பு, அதாவது மைனர் சார்பில் முடிவெடுக்கவும் கையெழுத்திடவும் உள்ள அதிகாரம். மற்றது வசம், அதாவது குழந்தை யாரிடம் வளர்வது என்பது. இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டம், 1956, தந்தையை முதற்காப்பாளராகவும் அவருக்குப் பின் தாயையும் சொல்லி, ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்றும் கூறுகிறது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தம் மகனுக்காகப் பத்திரம் வாங்க முயன்றபோது தந்தையின் கையெழுத்து கேட்கப்பட்டதிலிருந்து எழுந்த வழக்கில், ‘அவருக்குப் பின்’ என்பது தந்தை இறந்த பின் என்று மட்டும் பொருள்படாது, அவர் பொறுப்பேற்காத நிலையையும் குறிக்கும் என்று 1999-இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. இவை எல்லாவற்றுக்கும் மேலாகக் குழந்தையின் நலனே தலையாயது என்ற விதி நிற்கிறது. நலன் என்ற சொல் மனுக்களில் எவ்வளவு தாராளமாகப் புழங்குகிறதோ, அவ்வளவு குறைவாகவே குழந்தையைப் பற்றிய செய்தி அவற்றில் இருக்கும். எந்த வகுப்பு, எந்தப் பேருந்து, இரவில் யார் பக்கத்தில் படுத்தால் தூங்கும், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பவற்றைக் கேட்டால் சில தந்தையர் மட்டுமல்லர், சில தாயரும் விழிப்பதை இக்கட்டுரையாளர் கண்டிருக்கிறார்.

இடைக்கால உத்தரவின்படி நீதிமன்ற வளாகத்தில் நடக்கும் சந்திப்பு, மனுவில் ஏறிய சொற்கள் உருவெடுத்து நிற்கும் இடம். சனிக்கிழமை காலையில் தாயும் பாட்டியும் பிள்ளையோடு ஒரு பெஞ்சில் இருப்பார்கள். தந்தை எதிர்ப்புறத்திலிருந்து பொம்மைப் பையோடு வருவார். ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் முதுகில் பள்ளிப்பையை மாட்டிக்கொண்டே வருவது வழக்கம். பையில் இரண்டு தண்ணீர் பாட்டில்கள் இருக்கும். ஒன்று அம்மா கொடுத்தது, மற்றது சென்ற முறை அப்பா வாங்கிக் கொடுத்தது. அப்பா பக்கம் இருக்கும் ஒரு மணி நேரமும் அவர் கொடுத்த பாட்டிலிலிருந்து மட்டுமே குடிப்பான், பெஞ்சுக்குத் திரும்பியதும் மற்றதை எடுப்பான். அவனுடைய தாய்தந்தையர் ஒருவரை ஒருவர் பற்றி எழுதிய மனுக்கள் அப்போது நூற்றுப்பத்துப் பக்கங்களைத் தொட்டிருந்தன. அவற்றில் ஒரு பக்கத்தைக் கூட அவன் படித்ததில்லை என்றாலும், அவற்றின் சாரம் அவனுக்குத் தெரிந்தே இருந்தது.

முட்டி மோதி ஓய்ந்தவர்கள் கடைசியில் வந்து சேரும் இடம் இந்து திருமணச் சட்டத்தின் 13-பி பிரிவு. இருவரும் ஓராண்டுக்குக் குறையாமல் பிரிந்து வாழ்ந்து, சேர்ந்து வாழ இயலவில்லை என்று ஒருங்கே சொன்னால், குற்றம் எதையும் காட்டாமல் மணமுறிவு பெற அது வழி செய்கிறது. மனுப் போட்டு ஆறு மாதம் கழித்து மீண்டும் வந்து இசைவை உறுதிசெய்ய வேண்டும் என்ற காத்திருப்பை, தக்க சூழலில் நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-இல் அமர்தீப் சிங் வழக்கு வகுத்தது. இடையில் ஒருவர் மனம் மாறினால் இசைவைத் திரும்பப் பெறவும் இயலும். கிறிஸ்தவர்களுக்கு இதையொத்த பிரிவு 2001-ஆம் ஆண்டுத் திருத்தத்தால்தான் கிடைத்தது. மீளமுடியாதவாறு முறிந்த திருமணம் என்பதைத் தனிக் காரணமாகச் சட்டத்தில் சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கை நாடாளுமன்றத்தில் நிறைவேறாமலே இருக்கிறது. உச்ச நீதிமன்றம் மட்டும் அரசமைப்பின் 142-ஆம் உறுப்பைக் கொண்டு அவ்வாறு முறிக்க முடியும் என்று 2023 மே மாதத்தில் ஷில்பா சைலேஷ் வழக்கில் தீர்மானமாயிற்று. ஐந்தாண்டு வழக்காடி நூறு பக்கம் எழுதியவர்கள், ‘கருத்து வேறுபாட்டால்’ என்ற ஒற்றைச் சொல்லில் முடியும் மூன்று பக்க மனுவில் கையெழுத்திடும்போது, அந்த நூறு பக்கங்கள் எதற்காக எழுதப்பட்டன என்ற கேள்வி அவற்றை எழுதியவருக்கு எழாமல் இருப்பதில்லை.

சென்னை உயர் நீதிமன்றம் 2005-இல் தொடங்கிய சமரச மையமும் அதைத் தொடர்ந்து மாவட்டங்களில் வந்தவையும் இத்தகைய உடன்பாடுகளுக்கு மேசையைத் தந்தன. உடன்படிக்கை எழுதுவதிலும் தனித் தேர்ச்சி வேண்டும். ‘நியாயமான நேரங்களில் தந்தை குழந்தையைப் பார்க்கலாம்’ என்ற வாசகத்தைப் போல் மீண்டும் வழக்கைக் கொண்டுவந்து சேர்ப்பது வேறொன்றில்லை. அவரவர் நியாயம் அவரவர்க்கு. இரண்டாம், நான்காம் சனிக்கிழமை, காலை பத்து மணி, இன்ன இடம், மாலை ஐந்து மணிக்குத் திரும்ப ஒப்படைப்பு என்று எழுதினால்தான் சண்டை குறையும். தீபாவளி ஓராண்டு இங்கே, மறு ஆண்டு அங்கே. பொங்கல் அதற்கு மாறாக. கோடை விடுமுறையின் முதற்பாதி ஒருவரிடம். பாஸ்போர்ட்டுக்குக் கையெழுத்திட எத்தனை நாளுக்குள் இசைய வேண்டும் என்பது வரை வரும். இவற்றுள் எம்மாதிரிப் படிவத்திலும் இல்லாதது காதுகுத்து. மொட்டை எந்தக் குலதெய்வக் கோயிலில், தாய்மாமன் மடி உண்டா, தந்தைவழிப் பாட்டி வரலாமா என்பதில் ஜீவனாம்சத் தொகை முடிவான பின்னும் உடன்பாடு இரண்டு வாய்தா நின்றதுண்டு. இறுதியில் முடியிறக்கல் தந்தையின் குலதெய்வத்துக்கு, காதுகுத்து தாய்மாமன் மடியில், இரண்டும் வெவ்வேறு நாளில், இருதரப்பிலும் ஐவருக்கு மிகாமல் என்று ஒன்பதாம் பத்தி எழுதப்பட்டது. இக்கட்டுரையாளர் எழுதியவற்றுள் இருதரப்பும் ஒரு முறைகூட மீறாத பத்தி அது.

தீர்ப்புக்குப் பின், மேல்முறையீட்டுக் காலம் கழிந்ததும், சான்றாவணங்களைத் திரும்பப் பெற மனுப் போடலாம். நகை ரசீதையும் வங்கிக் கணக்குப் புத்தகத்தையும் கட்சிக்காரர்கள் கேட்டு வாங்கிப் போகிறார்கள். ம.சா.ஆ. 1, அதாவது மனுதாரர் தரப்பின் முதற்சான்றாவணம், வழக்கமாகத் திருமண அழைப்பிதழ், ம.சா.ஆ. 2 திருமணப் புகைப்படம். இவ்விரண்டையும் கேட்டு வருவோர் அரிது. மூலையில் நீதிமன்ற முத்திரையும் பெஞ்ச் கிளார்க்கின் சுருக்கொப்பமும் விழுந்த அந்த மஞ்சள் தடவிய அழைப்பிதழ்கள், தம் மீது எழுதப்பட்ட நூறு பக்கங்களோடு ஒரே நூலில் கட்டுண்டு பதிவறைக்குப் போகின்றன.